ஏழாம் குட்டைப் பெட்டியில் ஏறிய பச்சை

எங்கள் இறால் கம்பெனியில் இப்போது எலக்ட்ரிக்கல் வேலையைக் கவனிக்கிற கவிதா போன மாதம் எனக்குப் போன் செய்தது. சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்த பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தது. பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம்.

"சார், இப்பல்லாம் கனெக்டரு சீல் பண்ணியே வந்துடுது. சொருவித் திருவுனா முடிஞ்சுது. நீங்கல்லாம் அப்போ எப்டி சார் ஈரம் ஏறாம பாத்துக்கினீங்க? ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்றது.

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கனெக்டரைப் பற்றி ஒரு வரி எழுதினால் அடுத்த வரி ஏழாம் குட்டைக்குப் போய்விடுகிறது. அங்கே அஞ்சலை என்கிற பெண்ணுக்குக் கரண்டு அடித்து, வலது கையில் இரண்டு விரல் மடங்கிப்போனது. அதற்கு யார் காரணம் என்பதைப் பதினாறு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சலையிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அவளுக்காகவா எனக்காகவா என்று கேட்டால், அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஆகவே கவிதா மன்னிக்க வேண்டும். எழுதுவதை எழுதிவிடுகிறேன், வெட்டுவதை அங்கே வெட்டிக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் புவனகிரி பக்கம். அண்ணனுக்கு நிலம், எனக்குக் கரண்டு என்று அப்பா பிரித்துவிட்டார். கடலூரில் ஐ.டி.ஐ. படித்தேன். மோட்டார் காயில் கட்டும் கடையில் இரண்டு வருஷம் வார்னிஷ் வாடையோடு கிடந்தேன். அப்புறம் இந்தக் கம்பெனி. கடலூர் முதுநகரில் இறாலை உறைய வைக்கும் ஃபேக்டரி, கிள்ளையைத் தாண்டிப் பத்துக் குட்டைகள். என்னைக் குட்டைக்கு அனுப்பினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேதான்.

குட்டையில் ஏரேட்டர் என்று ஒன்று மிதக்கும். மோட்டார் வைத்த சக்கரம். அது தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்கும். அது கொஞ்ச நேரம் நின்றால் இறால் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும், இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் செத்து ஒதுங்கும். ஒவ்வொரு ஏரேட்டரின் கேபிளும் தண்ணீர்மேல் வந்து கரையில் நட்ட கம்பத்திலிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் பித்தளைக் கனெக்டர். என் வேலை முழுவதும் அந்தப் பத்துப் பெட்டிதான். மழையைக்கூடத் தடுத்துவிடலாம். உப்பங்காற்று இருக்கிறதே, அதற்கு ஊசிமுனை இடம் போதும். உள்ளே போய்ப் பித்தளையிலும் செம்பிலும் பச்சை பிடிக்க வைக்கும். பச்சை பிடித்த இடம் சூடாகும், கருகும், கடைசியில் கரண்டு தன் வழியை விட்டு வேறு வழி தேடும்.

என் மேலதிகாரி ஞானராஜ் சார். முதுநகர்க்காரர். வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பெட்டியைத் திறப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் கையை உயர்த்திக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கடலுக்கு முதுகைக் காட்டி, பெட்டிக்கும் காற்றுக்கும் நடுவில் தன் உடம்பைத் தட்டியாக வைத்து நிற்பார். வெயிலானாலும் ஒருவர் குடை பிடிக்க வேண்டும். நெற்றியில் துண்டு கட்டாமல் குனியக் கூடாது, வேர்வை சொட்டும். திறந்த பெட்டிக்கு எதிரில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச வேண்டும்.

"எச்சி தெறிக்கும்யா. எச்சியிலயும் உப்புதான் இருக்குது" என்பார், அதையும் அந்தப் பக்கம் திரும்பித்தான் சொல்வார். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதைப் பார்த்துக் குட்டை ஆட்கள் சிரிப்பார்கள். கதவைத் திறந்ததும் கண்ணுக்கு முன்னால் அவர் மூக்குதான் உள்ளே போகும். கருகின வாடையா, களிம்பு வாடையா, வெறும் கிரீஸ் வாடையா என்று முகர்ந்து சொல்லிவிடுவார்.

வேலை இப்படி. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, புறங்கையால் ஒரு தடவை தொட்டு நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். கேபிளைச் சீவிச் செம்பைப் பார்க்க வேண்டும். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். "மேல சொரண்டி ஏமாத்தாத, உள்ள எது வரிக்கும் கறுத்திருக்குதுன்னு பாரு" என்பார். கேபிள் முனையில் லக் என்கிற ஈயம் பூசிய வளையத்தை மாட்டி நசுக்கி, கனெக்டரில் திருகி, மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் கிரீஸ். கிரீஸைத் திருகுக்கு அடியில் வைத்தால் பிடிப்பு போய்விடும், மேலேதான் பூச வேண்டும். ரப்பர் டேப்பைப் பாதிக்குப் பாதி ஏறும்படி இழுத்துச் சுற்ற வேண்டும், கீழிருந்து மேலே. கூரை வேய்கிறவன் ஓடுகளை அப்படித்தானே அடுக்குவான். கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு முழம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கடைசியில் கதவு. கதவைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சாத்த வேண்டும். இத்தனையும் செய்தால் ஒரு பெட்டி ஆறு மாதம் அசையாமல் இருக்கும்.

ஒன்பது பெட்டி அப்படித்தான் இருந்தது. ஏழாம் குட்டைப் பெட்டி மட்டும் நாற்பது நாளில் பச்சை பிடித்தது.

முதல் தடவை சார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை, "இன்னாய்யா முருகேசா, தூங்கிக்கினே சுத்துனியா டேப்ப?" என்றார். மூன்றாம் தடவை அவரே பக்கத்தில் நின்று, குடையையும் அவரே பிடித்து, என்னைச் செய்ய வைத்தார். முப்பத்தெட்டு நாள். மறுபடி பச்சை. கேபிள் நுழையும் இடத்து அடைப்பை மாற்றினோம். கிரீஸை மாற்றினோம். ஐந்தாம் குட்டைப் பெட்டியைக் கழற்றி ஏழில் மாட்டினோம், ஏழாம் பெட்டியை ஐந்தில் மாட்டினோம். ஐந்துக்குப் போன பெட்டி சமர்த்தாக இருந்தது. ஏழுக்கு வந்த பெட்டி பச்சை பிடித்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. கடலுக்குக் கிட்ட இருப்பது எட்டாம் குட்டை, அதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் எப்படி?

அந்த நேரம் பார்த்து ஒரு மேனேஜர் வந்தார். பெட்டி வேர்க்கிறது, அடியில் ஓட்டை போடு என்றார். போட்டோம். இரண்டு மாதத்தில் அவர் மாறி வேறொருவர் வந்தார். எந்த முட்டாள் ஓட்டை போட்டது, அடை என்றார். அடைத்தோம். பச்சை இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. குட்டை ஆட்களில் ஒருவர், அந்த இடத்தில் எந்தக் காலத்திலோ ஒரு ஆளைப் புதைத்திருக்கிறார்கள் என்றார். நான் அதையும் நம்பத் தயாராக இருந்தேன்.

ஒரே ஒரு தடயம் கிடைத்தது. கீல் பக்கத்து ரப்பரில் ஒரு சின்னப் பள்ளம். ரப்பரை மாற்றினால் அடுத்த தடவை புது ரப்பரிலும் பள்ளம். சார் அதை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார்.

"நண்டு கொடுக்கு போட்டிருக்குமோ?" என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"கம்பத்துல ஏறி வந்தா சார்?"

"ஏறும்யா. இந்தப் பக்கத்து நண்டு மரமே ஏறுது."

ஒரு முழு மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஏழாம் குட்டைக் கரையில் உட்கார்ந்து நண்டு கம்பத்தில் ஏறுகிறதா என்று பார்த்தோம். வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள். ஒரு நண்டும் ஏறவில்லை. சாரின் சோற்றுப் பாத்திரத்தைத்தான் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது.

அப்புறம்தான் மெமோ வந்தது. 'வேலையில் கவனக்குறைவு' என்று சார் கையெழுத்து. என் சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ அது. மற்ற ஒன்பது பெட்டியும் இதே கை செய்ததுதானே என்று அவரிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. கோபத்தில் அவரோடு வேலைப் பேச்சைத் தவிர மற்றப் பேச்சை நிறுத்திவிட்டேன். என் கையையே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வீட்டில் குழாய் திருகினால்கூட இரண்டு தடவை பார்ப்பேன். மெமோவுக்குப் பிறகு ஏழாம் பெட்டி இன்னும் மோசமானது. நாற்பது நாள் இருபதானது. ரப்பரில் ஒரு பள்ளம் மூன்று பள்ளமானது. சார் அதைப் பார்த்துவிட்டு, "நண்டு குடும்பத்தோட வருதுய்யா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் குட்டைக்குத் தீனி போடுவது அஞ்சலை. கிள்ளையிலிருந்து வருவாள், புருஷன் கடலுக்குப் போகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நான் பெட்டியைத் திறக்கப் போனால் தூரத்திலிருந்தே, "அண்ணே, இன்னிக்கும் பச்சையா?" என்று கேட்பாள். "ஆமாம்மா, வெத்தலக் கொடி வக்கலாம் போல" என்பேன். பாவமாகப் பார்ப்பாள்.

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. விடியக்காலம் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. பதினோரு மணி இருக்கும். நான் மூன்றாம் குட்டையில் இருந்தேன். ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால், எட்டாம் குட்டை ஆள் மூங்கில் கழியோடு நிற்கிறார், அஞ்சலை கரையில் மல்லாந்து கிடக்கிறாள், தீனியெல்லாம் சேற்றில் கொட்டிக் கிடக்கிறது. கரை வழுக்கியதால் விழாமலிருக்க வலது கையால் பெட்டியைப் பிடித்திருக்கிறாள். பிடித்தது விடவில்லை. எட்டாம் குட்டை ஆள் கழியால் கையைத் தட்டி விட்டிருக்காவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். சார் ஓடிப்போய் மெயினை அணைத்தார். கம்பெனி வேனில் போட்டுச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

எல்லாரும் வேனுக்குப் பின்னால் ஓடினார்கள். பெட்டி முன்னால் நான் மட்டும். வழக்கமாக முன்பக்கம் நின்று கதவை இழுத்துத் திறப்பதுதான். அன்றைக்குக் கேள்வி வரும், ஆள் வந்து விசாரிப்பார்கள் என்ற பயத்தில், தொடாமல் நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். கீல் பக்கம், கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில், வரிசையாக மூன்று ஊதுபத்திக் குச்சி. எரிந்து முடிந்து, சிவப்புச் சாயம் பூசிய மூங்கில் மட்டும் ஒரு விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்தது. வாசனைகூட இன்னும் போகவில்லை.

கதவை மெல்லத் திறந்தேன். மூன்றும் உதிர்ந்து புல்லில் விழுந்தன. இத்தனை மாதமும் இப்படித்தான் விழுந்திருக்கின்றன. நான் அவற்றின் மேல் நின்றுகொண்டு நண்டைத் தேடியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை குட்டைக்குக் குட்டை யாராவது ஊதுபத்தி ஏற்றுவது உண்டு, வாசனை வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் கரை மண்ணில் குத்துவார்கள். இவள் பெட்டியில் சொருகியிருக்கிறாள். குச்சி இருந்த இடுக்கில் உப்பங்காற்று உள்ளே போயிருக்கிறது. கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பியின் திருகு பச்சை பிடித்துத் தனியாக நின்றது. கரண்டு பெட்டிக்கு வந்திருக்கிறது, போக வழியில்லாமல் அவள் கைக்காகக் காத்திருந்திருக்கிறது.

யார் இவளுக்கு இங்கே சொருகச் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த அதே நொடியில் ஞாபகமும் வந்துவிட்டது.

அதற்கு முந்தின ஆயுத பூஜை. பத்துப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்தி வைத்துக்கொண்டு வந்தோம். நான் முன்னால், அஞ்சலை தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம். காலையிலிருந்து எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. நாலாம் குட்டையில் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்துத் தின்றுவிட்டேன். ஏழாம் குட்டைக்கு வரும்போது எண்ணிப் பார்த்தவள், "அண்ணே, பழம் ஒண்ணு கொறையுது, எதுல குத்தறது?" என்றாள். நான் ஊதுபத்தியை வாங்கிக் கதவு இடுக்கில் சொருகினேன். "சாமி பழமா கேட்டுது? ஏத்துனா போதும்" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஏழாம் பெட்டிக்கு முறை அது என்று நினைத்திருக்கிறாள். வாரா வாரம்.

குனிந்து மூன்று குச்சியையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எலக்ட்ரீஷியன் தவிர வேறு யார் பெட்டியில் கை வைத்தாலும் வேலை போகும் என்பது கம்பெனிச் சட்டம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளுக்கு வேலையும் போக வேண்டுமா என்று நினைத்தேன். அது சத்தியம். அவளை விசாரித்தால் முருகேசண்ணன்தான் காட்டினார் என்று சொல்வாள், என் வேலையும் போகும் என்றும் நினைத்தேன். அதுவும் சத்தியம். எது முந்தி வந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கையால் பொறுக்கியதுதான்.

சார் திரும்பி வந்தார். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். மூக்கை உள்ளே விட்டார். எப்போதும் ஒரு தடவைதான் முகர்வார், அன்றைக்கு இரண்டு தடவை முகர்ந்தார். மூன்று பள்ளத்தையும் விரலால் தடவினார். நிமிர்ந்து என் சட்டைப் பையைப் பார்த்தார். அல்லது என் மார்பு படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்தார். எது என்று எனக்குத் தெரியாது.

"ரப்பர் போய்டுச்சுய்யா" என்றார்.

முதல் தடவையாகத் திறந்த பெட்டிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அவர் பேசியது அதுதான். ரிப்போர்ட்டிலும் ரப்பர் பழுது என்றே எழுதினார். மெமோவைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சிவப்பு பெயின்ட் வாங்கிப் பத்துப் பெட்டியிலும் 'எதையும் சொருகாதே' என்று எழுதினேன். அடுத்த ஆயுத பூஜையிலிருந்து பெட்டிக்குப் பூஜை கிடையாது, மெயின் போர்டுக்கு மட்டும்தான், பழத்தை எண்ணி வைத்துத்தான். ஏழாம் பெட்டி ஆறு மாதம் பளிச்சென்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அஞ்சலை மூன்று மாதம் கழித்து வந்தாள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. தீனி குடோனில் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். "இன்னாண்ணே, பச்சை போய்டுச்சா?" என்று கேட்டாள். "போய்டுச்சும்மா" என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அதன் பிறகு அவள் ஊதுபத்தி ஏற்றி நான் பார்த்ததில்லை. பயந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கம்பெனியில் கோயில் பிரசாதம் வந்தால் வாங்க மாட்டாள், நகர்ந்துவிடுவாள். கிள்ளைத் தீமிதித் திருவிழாவுக்கு ஒரு வருஷம் போயிருந்தபோது கோயிலுக்கு எதிர்ப்பக்கம் கடை ஓரமாக நின்றிருந்தாள். "அஞ்சல உள்ள வராது" என்று அவள் தெருக்காரப் பெண்கள் சொன்னார்கள். கூட்டம் என்றால் பயம்போல என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஞானராஜ் சார் ஓய்வு பெற்ற அன்று எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தார். ஒருவருக்கு டார்ச்சு, ஒருவருக்கு ஸ்க்ரூ டிரைவர் செட். எனக்கு ஒரு பித்தளை ஊதுபத்தி ஸ்டாண்டு. வேதக்காரர் கொடுக்கிற பொருளா இது என்று எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நான் சிரித்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. அவருக்குத் தெரியுமா? தெரிந்தேதான் ரிப்போர்ட்டில் ரப்பர் என்று எழுதினாரா? ஒருவேளை கடையில் கையில் கிடைத்ததை வாங்கினாரா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். கேட்கிறேன், கேட்கிறேன் என்று நாளைத் தள்ளினேன். ஒரு நாள் முதுநகரிலிருந்து போன் வந்தது, சார் போய்விட்டார். சர்ச்சு வாசலில் நின்று மாலை போட்டுவிட்டு வந்தேன். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

கவிதா கேட்ட இரண்டு பக்கத்தை எழுத உட்கார்ந்து, டேப் சுற்றும் இடம் வரை எழுதிவிட்டு, அதற்கு மேல் முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஸ்டாண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். அஞ்சலையும் வேலையை விட்டுவிட்டாள், கிள்ளையில் பெரிய மகளோடு இருக்கிறாள். வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தவள், "அட, இன்னாண்ணே திடீர்னு? வாங்க, குந்துங்க" என்று இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாலாம் குட்டையில் தின்ற பழத்திலிருந்து சட்டைப் பையில் போட்ட குச்சி வரை. "ஒன் கை போனதுக்கு நாந்தாம்மா காரணம். மன்னிச்சிடு" என்றேன். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. கருவாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அது தீட்டால இல்லியாண்ணே?"

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தீட்டு?" என்றேன்.

"அன்னிக்கி எனக்கு மூணாம் நாளு. தொடக் கூடாதுதான். ஆனா உங்களுக்கு மெமோ குடுத்துட்டாங்கன்னு சொன்னாங்க. அந்தப் பொட்டி நல்லா இருந்தாத்தான் உங்களுக்கு வேலன்னாங்க. ஒண்ணு ஏத்திக்கினு இருந்தவ அதிலேர்ந்துதான் மூணா ஏத்துனேன். அந்த வெள்ளிக்கெழம வுட்டுப்போனா உங்களுக்கு இன்னா ஆவுமோன்னு தலைக்கி ஊத்திக்கினு வந்து ஏத்துனேன். ஏத்துன கையவே புடிச்சிட்டா. ஆத்தாதான் தண்டிச்சிட்டான்னு இருந்தேண்ணே."

என் பெட்டிக்காக, என் மெமோவுக்காக, என் வேலைக்காக அவள் ஏற்றியிருக்கிறாள். ஒரு பள்ளம் மூன்றானது அதனால்தான். நண்டு குடும்பத்தோடு வருகிறது என்று சார் சொன்னது காதில் கேட்டது.

"பதினாறு வருசம் கோயில் வாசப்படி மிதிக்கலண்ணே. பெரியவ கல்யாணம் கோயில்லதான் நடந்துச்சு. தாலி கட்டறப்போ நான் ரோட்ல நின்னேன். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன், யாருகிட்ட போயி இதச் சொல்றது?" பிறகு கோபம் வந்தது, அது நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. "கை போனாப் போவுதுண்ணே. வேல போயிருந்தாக்கூட வேற பாத்திருப்பேன். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? குச்சிய இங்க சொருவாத, அதான் புடிச்சுதுன்னு? ஒரு வார்த்த?"

அவள் வேலை போகாமல் காப்பாற்றினேன் என்று என்னிடம் ஒரு பதில் பதினாறு வருஷமாகத் தயாராக இருந்தது. அதை நினைத்தாலே வெட்கமாக இருந்தது. மேலே டேப் சுற்றி மூடிவிட்டு உள்ளே எது வரைக்கும் கறுத்திருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடச் சீவிப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கிளம்பச் சொல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். கொல்லைப்புறம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஈரத்தலையோடு, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"வண்டிலதான வந்தீங்க? மாரியாத்தா கோயில்ல என்ன வுட்டுடுங்க. நட தொறந்திருப்பாங்க."

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கியதும் துணிப்பையிலிருந்து ஸ்டாண்டை எடுத்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல்படிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்த இரண்டு விரல் மடங்கிய கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் திரும்பி வரும் வரை ஸ்டாண்டை வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தேன்.

கவிதா, ரொம்ப நீண்டுவிட்டது. எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளம்மா. கிரீஸ், டேப் எல்லாம் போனாலும் பரவாயில்லை, இப்போது சீல் பண்ணியே வருகிறது. ஒரு வரியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடு. பெட்டியில் யாராவது ஊதுபத்தி சொருகியிருந்தால், பிடுங்குவதற்கு முன்னால் சொருகியவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.